சொந்த ஊருக்குப் போனவர்

பாலிக் பூலாவ் பக்கம் ஒரு சுங்கை பினாங் இருக்கிறது. மீனவர் வீடுகளும் வயல்வெளியுமாகப் படம் எடுக்கத் தோதான இடம். நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. ஜார்ஜ்டவுனுக்குள்ளேயே, ஆயர் ஈத்தாம் ஆற்றையும் நகரத்தின் கழிவுநீரையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு ஜெலுத்தோங் ஓரமாகக் கடலில் சேரும் சுங்கை பினாங்தான் என் விஷயம். பெயருக்குப் பொருள் 'பாக்கு ஆறு'. கரையில் பாக்கு மரத்தைத் தேட வேண்டாம். அடுக்குமாடிகள், பட்டறைகள், சாப்பாட்டுக் கடைகள், மழை வலுத்தால் மோட்டார் சைக்கிளை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும் மக்கள். 2017 நவம்பர் வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை.

டிசம்பர் பிறந்தால் இந்த அடுக்குமாடிகளின் நடைபாதைகளைப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் தீபாவளிக்குக் கட்டிய சர விளக்கை இன்னும் அவிழ்த்திருக்க மாட்டார்கள். அடுத்த வீட்டில் காகித நட்சத்திரம் ஏறியிருக்கும். அதற்கடுத்த வீட்டில் சீனரின் சிவப்பு விளக்கு ஆண்டு முழுதும் எரியும். இரவில் கீத பவனி வரும். கித்தாரும் கஞ்சிராவுமாகப் படியேறி வருபவர்களுக்கு மூன்றாவது மாடியிலேயே மூச்சு வாங்கும், பாட்டு மட்டும் நிற்காது. அச்சு முறுக்கும் நெய் உருண்டையும் தட்டில் தயாராக இருக்கும்.

எங்கள் புளோக்கில் ஒரு பாட்டி இருக்கிறார். ஆண்டுதோறும் குடில் கட்டுவார். அட்டைப்பெட்டி, பழுப்புத் தாள், உண்மையான வைக்கோல். இந்த நாட்டிலேயே பிறந்தவர், கையில் இருப்பது இன்னும் சிவப்பு அடையாள அட்டை. தோட்டத்தில் பிறந்த அந்தக் காலத்தில் பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. பிறகு போனபோது கேட்ட தாள்கள் கையில் இல்லை. எத்தனை முறை எந்தெந்தக் கவுன்டரில் நின்றார் என்பதைச் சலிக்காமல் சொல்வார். இப்படிப்பட்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள், வாசகர்கள் பலருக்குத் தெரிந்த கதைதான். சென்ற ஆண்டு சூசையப்பர் பொம்மையைத் துடைத்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்: "இவங்களும் பேர் பதியத்தானே ஐயா போனாங்க?"

லூக்கா எழுதிய நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை எத்தனையோ முறை வானொலியில் வாசித்திருக்கிறேன். அது ஒரு பதிவு அலுவலகக் கதை என்பது அன்றுதான் உறைத்தது. ரோமப் பேரரசன் அகுஸ்து குடிமதிப்புக்கு உத்தரவிடுகிறான். ஒவ்வொருவரும் தம் சொந்த ஊருக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். நாசரேத்தில் தச்சு வேலை செய்துகொண்டிருந்த யோசேப்பு, நிறைமாத மரியாளோடு பெத்லகேமுக்குப் புறப்படுகிறார். தாவீதின் வம்சம் என்பதால் அதுதான் அவருடைய சொந்த ஊர். அங்கே போய்ச் சேர்ந்தால் தங்க இடமில்லை. பிள்ளை பிறந்து, கால்நடைக்குத் தீனி வைக்கும் முன்னணையில் கிடத்தப்படுகிறது.

நேயர்கள் தொலைபேசியில் வந்தால் "எங்கிருந்து பேசுறீங்க?" என்று கேட்பது என் வேலையில் தினப்படி வழக்கம். "இப்ப பினாங்கு, சொந்த ஊரு சுங்கை சிப்புட்" என்பார் ஒருவர். அவருடைய அப்பாவைக் கேட்டால் வேறு ஒரு தோட்டத்தின் பெயர் வரும். தாத்தாவைக் கேட்டிருந்தால் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம் வந்திருக்கும். அந்தக் கிராமத்துக்கு இன்று போய் நின்றால் நமக்கு யார் கதவைத் திறப்பார்கள்? மலேசியத் தமிழர் அனைவருக்கும், எந்தச் சமயத்தவரானாலும், யோசேப்பின் சங்கடம் புரியும்.

தமிழ் வேதாகமம் 'சத்திரம்' என்று சொல்லும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் கட்டலுமா. இயேசு சீடரோடு கடைசி இரவு விருந்து உண்ட அறையையும் லூக்கா இதே சொல்லால்தான் குறிப்பிடுகிறார். நல்ல சமாரியன் கதையில் வரும் நிஜமான சத்திரத்துக்கு அவர் பயன்படுத்தும் சொல் வேறு. அதனால் இது ஏதோ ஓர் உறவினர் வீட்டின் விருந்தினர் அறை, அது ஏற்கெனவே நிறைந்திருந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தக் காலத்துப் பாலஸ்தீன எளிய வீடுகளில் இரவில் ஆடுமாடு வீட்டுக்குள்ளேயே ஒரு பக்கம் கட்டப்படும், தீனித் தொட்டியும் அங்கேயே இருக்கும். எனக்கு இந்த விளக்கம் மிகவும் பிடிக்கும். கல்யாண வீட்டில் அறையெல்லாம் நிறைந்தபின் வந்தவருக்கு ஹாலில் பாயை விரிப்போமே, அதுபோல ஆட்கள் நடுவே, மூச்சுக்காற்றும் சாண வாடையுமாக ஓர் இடம். கிறிஸ்தவர்கள் கடவுள் என்று நம்புகிறவர் அங்கேதான் வந்து படுத்துக்கொண்டார். இம்மானுவேல் என்றால் 'கடவுள் நம்மோடு'. யோவானோ தம் நற்செய்தியில் அவர் நம் நடுவே கூடாரம் அடித்தார் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைப் போடுகிறார். கூடாரம் என்பது ஊர்விட்டு ஊர் போகிறவர்களின் வீடு.

சுங்கை பினாங்கிலிருந்து ஃபார்க்குவார் சாலைக்கு மூன்று நான்கு கிலோமீட்டர்தான். கிறிஸ்துமஸ் வாரத்தில் வெயில் தாழ்ந்தபின் நடக்கலாம். அந்தச் சாலையில், மாநில அருங்காட்சியகத்துக்கு இரு பக்கமும் இரண்டு தேவாலயங்கள். ஒன்று விண்ணேற்பு மாதா ஆலயம். சயாமில் துன்புறுத்தலுக்குத் தப்பி கெடாவில் ஒதுங்கியிருந்த யுரேசியக் கத்தோலிக்கர்கள், 1786இல் ஆயர் கார்னோவின் தலைமையில் படகேறி இந்தத் தீவுக்கு வந்து தொடங்கியது அந்தச் சபை. மற்றொன்று 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் ஆலயம், தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பழைய ஆங்கிலிக்கன் ஆலயம். வெள்ளைத் தூண்களும் கூரான கோபுரமும் பார்க்கப் பார்க்க அழகு. சுற்றுலாப் பயணிகள் தூண்களுக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். அந்தச் சுவரை எழுப்பிய கைகள், கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவந்த கைதிகளுடையவை. அவர்களில் எத்தனை பேர் உள்ளே உட்கார்ந்து ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையைக் கேட்டிருப்பார்கள்?

தமிழ்க் கத்தோலிக்கருக்குப் பினாங்கு சாலையில் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் இருந்தது, சீனருக்கு மெக்கலிஸ்டர் சாலையில் வியாகுல மாதா ஆலயம். மொழிவாரியாகப் பிரித்ததில் வசதியும் உண்டு, வலியும் உண்டு. குருமாணவர்கள் படிக்கும் ஜெனரல் கல்லூரியின் கதையும் இதே மாதிரிதான். 1665இல் அயுத்தயாவில் தொடங்கி, போருக்கும் பகைக்கும் ஓடி, புதுச்சேரிக்குப் பக்கத்து வீராம்பட்டினத்தில் சில ஆண்டுகள் ஒதுங்கி, 1808இல் பினாங்கில் வந்து நின்றது. இந்தத் தீவில் கிறிஸ்துமஸ் கொண்டாடும் யாரை எடுத்தாலும் அவருக்கு முன்னால் ஒருவர் படகில் இறங்கியிருப்பார்.

கடவுள் நம்மைத் தம் வீட்டார் ஆக்கிக்கொண்டார், இனி நாம் அந்நியர் அல்ல என்று பவுல் எபேசியருக்கு எழுதினார். கிறிஸ்தவர்கள் இந்த நாளில் கொண்டாடுவதும் அதைத்தான். அந்த வீட்டில் சேரப் பத்திரம் கேட்பதில்லை, வம்சம் கேட்பதில்லை. ஆனால் 'கடவுளின் புத்தகத்தில் பெயர் இருக்கிறதே, அடையாள அட்டை எதற்கு' என்று ஆறுதல் சொல்லும் பிரசங்கம் எனக்கு ஒத்துவராது. வரிசையில் நின்ற தாயின் வயிற்றில் வந்தவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். பாட்டி இரண்டையும் கேட்கிறார். ஜெபத்திலும் கேட்கிறார், ஜனவரியில் மறுபடியும் மனுப் போடப் போவதாகவும் சொல்கிறார். தாள்களைச் சரிபார்க்கக் கீழ்மாடிச் சீனப் பையன் ஒருவன் உதவுகிறான்.

இருபத்தைந்தாம் தேதி அவர் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. கோழிப் பிரட்டலும் நெய்ச்சோறும் இருக்கும், பக்கத்து வீட்டு மக்சிக்கு ஹலால் கடையில் தனியாக வாங்கி வைத்திருப்பார். நாற்காலி ஆறுதான். ஏழாவதாக வருகிறவருக்குக் கட்டிலின் ஓரம், அதற்குப் பிறகு வருகிறவருக்கு வாசற்படி. முந்தின இரவு வரை குடிலில் முன்னணை காலியாகத்தான் இருக்கும், பாலன் பொம்மை பாட்டியின் அலமாரியில் துணி சுற்றிக் கிடக்கும். நள்ளிரவுப் பூசை முடிந்து படியேறி வந்தபிறகே அதை எடுப்பார். அதுவரை விழித்திருக்கும் பிள்ளைகள் அட்டைப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், வைக்கோல் மட்டும்தான் தெரியும்.