ஒற்றைத் தேதியும் இரட்டைத் தேதியும்

மும்பைக்குப் புதிதாக வரும் தமிழன்பர்கள் மாதுங்காவைக் காணாமல் இருப்பதில்லை. 1896-இல் இந்நகரைப் பிளேக் நோய் தாக்கியதன் பின், ஜன நெருக்கடியைக் குறைக்கும் பொருட்டு 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தோன்றிற்று. தாதர், மாதுங்காப் பகுதிகளில் அது திட்டமிட்டு வகுத்த வீதிகளில்தான் இன்று நாம் உலவுகிறோம். மர நிழலும், பூக்கடைகளும், வாழையிலைக் கட்டுகளும், காப்பி மணமும் ஒருங்கே அமைந்த இடம் அது. ஆனால் வீட்டுக்கு வீடு ஒரு வண்டி நிற்கும் காலம் வருமென்று அவ்வீதிகளை வகுத்தோர் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

இக்குறைக்கு நகரம் கண்ட பரிகாரங்களுள் ஒன்று தேதி முறை. பல வீதிகளில் ஒரு பக்கம் ‘பி-1’ என்றும், எதிர்ப்பக்கம் ‘பி-2’ என்றும் பலகைகள் நிற்கும். முன்னதில் ஒற்றைப்படைத் தேதிகளிலும், பின்னதில் இரட்டைப்படைத் தேதிகளிலும் வண்டி நிறுத்தலாம். இதனால் எந்நாளும் ஒரு பக்கம் காலியாக இருக்கும், பெருக்குவோருக்கும் வசதி, இருபுறத்துக் கடைக்காரருக்கும் சுமை சமம். 31-ஆம் தேதியை அடுத்து 1-ஆம் தேதி வருவதால், ஆண்டில் 7 முறை வண்டி இடம் மாறாமல் இரு நாள் ஓய்வு கொள்ளும். லீப் ஆண்டில் 8 முறை. இஃதன்றி, பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கவனிப்பாரின்றி விடப்பட்ட வண்டியை இழுத்துச் செல்ல 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

நிற்க. இவ்விதியை நாமும் வெகுகாலம் அபராதக் கணக்காகவே எண்ணியிருந்தோம். 2023 ஜூலை 13-ஆம் தேதி இரவு, பணி முடிந்து மழையில் நனைந்து வந்த நாம், நமது ஸ்கூட்டரை ஒற்றைப்படைப் பக்கத்திலேயே விட்டுவிட்டு உறங்கச் சென்றோம். காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்பது எண்ணம். நம்மைப்போல் எண்ணியவர் வேறு சிலரும் இருந்தனர். நள்ளிரவுக்குப் பின் வந்தவர்களோ முறைப்படி எதிர்ப்பக்கத்தில் நிறுத்தினர்.

விடியற்காலை 4 மணிக்கு எதிர்வீட்டுப் பெரியவருக்கு மார்வலி கண்டது. ஆம்புலன்ஸ் வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அவருடைய மகன் நம் கதவைத் தட்டி, “சார், வண்டிச் சாவி இருக்கிறதா?” என்று கேட்ட குரல் இன்றும் நம் செவியில் இருக்கிறது. நாம் சாவியுடன் இறங்கி ஓடினோம். நமது வண்டி நகர்ந்தது. ஆயினும் பூட்டிய கார்கள் நகரவில்லை. முடிவில் பெரியவரை நாற்காலியில் அமர்த்தி, நால்வர் குடை பிடித்துத் தெருமுனை வரை சுமந்து சென்றோம்.

இறையருளால் 9 நாளில் அவர் நலமாக வீடு திரும்பினார். நாம் தலைகுனிந்து பார்க்கச் சென்றபோது, “காப்பி சாப்பிட்டுப் போங்கள்” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அவர் கடிந்துகொண்டிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று முதல், ராகு காலம் பார்ப்பதற்கென மாட்டியிருந்த தினசரி நாட்காட்டியில் இரவு தோறும் மறுநாள் தேதியையும் பார்க்கிறோம். பணி முடிந்து எவ்வளவு நேரமாகி வந்தாலும், மறுநாளைக்குரிய பக்கத்தில் பன்னிரண்டு அடித்த பின் வண்டியை நிறுத்திவிட்டே உறங்குகிறோம். ஊருக்குச் செல்வோர் மாற்றுச் சாவியை அண்டை வீட்டில் கொடுத்துச் செல்வதும் எங்கள் தெருவில் வழக்கமாயிற்று. புதிதாகக் குடியேறும் அன்பர்கள் பால்காரரை விசாரிக்கும்போதே, தம் தெருப் பலகையையும் ஒருமுறை படித்துக்கொள்வார்களாக.