ஹாரிசன் வைத்திருந்தவள்

எஃப்.எம்.ஜி.இ. தேர்வுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று பெங்களூரில் என்னைக் கேட்டவர்களில் பலர் தேறிவிட்டார்கள். இன்று பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்கிறார்கள். நான் மட்டும் அப்போது தேறவில்லை. எந்தப் பாடத்துக்கு எந்த ஆசிரியர், எந்தப் பதிப்பு, பழையதில் என்ன குறை, புதியதில் என்ன கூடுதல், அவென்யூ ரோட்டில் பேரம் பேசினால் எங்கே வந்து படியும், எல்லாம் எனக்கு அத்துப்படி. புத்தகத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் தெரியாது.

அடக்கத்துக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம், நிஜமாகவே தெரியாது. என்னுடைய ராபின்ஸ் பேத்தாலஜியைத் திறந்தால் முதல் அத்தியாயங்களில், செல் காயம், அழற்சி வரைக்கும், ஹைலைட்டர் படாத வரி கிடையாது. அதற்கப்புறம் ஓரிரு பக்கங்களில் பென்சில் கோடு. பிறகு கடையிலிருந்து வந்தபடியே வெள்ளை வெளேரென்று இருக்கும். கைடன், அனந்தநாராயணன்–பணிக்கர், கே.டி. திரிபாதி, தத்தா என்று எதை எடுத்தாலும் முதல் அத்தியாயங்கள் மட்டும் மஞ்சளாக இருக்கும்.

வெளிநாட்டில் மருத்துவம் படித்த இந்தியர்கள் இங்கே பதிவு பெறுவதற்காக எழுத வேண்டிய தேர்வுதான் எஃப்.எம்.ஜி.இ. 2002இல் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். 300 கேள்விகள், 150 சரியாக இருந்தால் போதும். தப்பான விடைக்கு மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்கள், ரேங்க் என்ற பேச்சும் இல்லை. கேட்க இவ்வளவு சாதுவாக இருக்கிற இந்தத் தேர்வில் பல முறை ஐந்து பேருக்கு ஒருவர்கூடத் தேறுவதில்லை. வினாத்தாளையும் வெளியிடுவதில்லை. கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எழுத உட்காருகிறோம். அசல் வினாத்தாளை யாரும் கண்ணால் பார்க்க முடியாத தேர்வுக்குப் புத்தக வியாபாரம் பிரமாதமாக நடக்கும். எழுதி வந்தவர்களின் ஞாபகத்திலிருந்து தொகுத்த ‘ரீகால்’, கோச்சிங் நோட்ஸின் ஸ்பைரல் பைண்டிங், ஆப் சந்தா, இவற்றுக்கெல்லாம் மேலே, பயபக்தியோடு நாங்கள் ‘ஸ்டாண்டர்ட் புக்’ என்று சொல்லும் தடித்தடிப் பாடநூல்கள். எது போதும் என்று ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாத இடத்தில் நிச்சயமாகப் பேசுகிறவள் சொன்னதுதான் எடுபட்டது. பேசியவள் நான்.

ஏன் அப்படி ஆனேன் என்று யோசித்தால் கௌரவம்தான் காரணமாகத் தெரிகிறது. நான் படித்தது கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில். ஸ்லைடு பார்த்து, வாய்மொழித் தேர்வுக்கு அவசரமாக மனப்பாடம் செய்து, வருஷங்களைக் கடத்திவிட்டு ஊர் திரும்பினேன். திரும்பியவுடன் உறவுக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, “அங்க படிச்சா இங்க செல்லுமா?” ஒரு கல்யாண மண்டபத்தில், உள்ளூரில் எம்.பி.பி.எஸ். படித்துக்கொண்டிருந்த சித்தப்பா மகன், “அக்கா, நீங்க ஹாரிசன் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டான். படித்திருக்கீங்களா என்றுகூட இல்லை, பாத்திருக்கீங்களா. பையன் விளையாட்டாகத்தான் கேட்டான். பெங்களூருக்கு வந்து பிஜி விடுதியில் பெட்டியை இறக்கியதும் நான் வாங்கிய முதல் பொருள் ஹாரிசனின் இரண்டு தொகுதிகள். தலையணை அதற்கப்புறம்தான் வாங்கினேன்.

1950இல் முதல் பதிப்பு வந்த புத்தகம் அது. இன்று மூவாயிரம் பக்கத்தைத் தாண்டுகிறது. பொது மருத்துவத்தை ஒருவர் வாழ்நாள் முழுக்கப் புரட்டிப் பார்த்துக்கொள்வதற்காக எழுதியது. எஃப்.எம்.ஜி.இ.யில் மெடிசினுக்கு ஒதுக்கியிருப்பது 33 கேள்வி. இந்தக் கணக்கு எனக்குத் தெரியாததல்ல. தேர்வு வாரியமே பாடவாரியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது: அனாட்டமி 17, ஃபிசியாலஜி 17, பேத்தாலஜி 13, சர்ஜரி 32, மகப்பேறும் பெண்ணோயியலும் 30, சமூக மருத்துவம் 30. அந்தக் காகிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டு, அதற்குக் கீழேயே உட்கார்ந்து, 17 கேள்வி வரும் அனாட்டமிக்குச் சௌராசியா போதாது கிரேயும் வேண்டுமா என்று நாள்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தவள் நான்.

சாயங்காலம் ஆனால் கால் அவென்யூ ரோட்டுக்கு இழுக்கும். சிக்கபேட்டே மெட்ரோவில் இறங்கி நடந்தால், மைசூர் பேங்க் சர்க்கிளிலிருந்து கே.ஆர். மார்க்கெட் வரைக்கும் நீளும் அந்தத் தெருவில், நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் இடையில் பழைய புத்தகக் கடைகள். ஒரு கடைக்காரருக்கு என் முகம் பழகிவிட்டது. தூரத்தில் பார்த்ததுமே, “ஹொஸ எடிஷன் பந்திதே மேடம்” என்பார், புதுப் பதிப்பு வந்திருக்கிறதாம். அந்த வார்த்தையைக் கேட்டதும் அன்றைக்குப் படிக்காத குற்ற உணர்ச்சி போய்விடும். பக்கத்தைப் புரட்டி, தாள் ஒரிஜினலா பைரசியா என்று விரலால் தடவி, படங்களின் கலர் பிசகியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். வாங்கிக்கொண்டு திரும்பும்போது நன்றாகப் படித்துவிட்டு எழுந்தவளைப் போல நிம்மதியான ஒரு களைப்பு. நாள் போய்விட்டது, ஆனால் வீணாகவில்லை என்று மனசு நம்பிவிடும்.

இதைவிட அசிங்கமான ஒன்றும் உண்டு. கே.ஆர். ரோட்டில் பெங்களூரு மருத்துவக் கல்லூரிக்கு எதிர்ப்பக்கம் டீ குடிக்கிற சாக்கில் ராபின்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பார்க்கிறவர்கள் அந்தக் கல்லூரிப் பெண் என்று நினைக்கட்டும் என்றுதான். ஒருமுறை ஒரு பெரியவர், விக்டோரியா ஆஸ்பத்திரியில் யாரையோ சேர்த்திருப்பார் போல, கையில் இருந்த சீட்டை நீட்டி எந்தப் பிளாக் என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஏதோ ஒரு திசையைக் கைகாட்டி அனுப்பினேன்.

அப்பா ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். ரிசல்ட் வந்து நான் தேறவில்லை என்று தெரியும்போதெல்லாம் அந்தச் செய்தியோடு ஒரு புத்தகப் பட்டியலையும் சேர்த்தே சொல்வேன். போனமுறை இந்தப் புத்தகம் இல்லாததால் போய்விட்டது, இது இருந்தால் அடுத்த முறை ஆகிவிடும் என்பேன். பட்டியல் இருந்தால் அவர் திட்ட மாட்டார் என்று எனக்குத் தெரியும். வாங்குவதற்கு ஒரு பொருள் இருக்கிற வரையில் தன்னால் ஏதாவது செய்ய முடியும் என்று நம்புகிற மனுஷன். ஒருமுறை லோடு வண்டியோடு கலாசிபாளையம் வந்தவர் என்னையும் பார்க்க வந்தார். பிஜியின் வரவேற்பறைக்கு நான் இறக்கிக்கொண்டு வந்து காட்டிய ஹாரிசனைக் கையில் தூக்கி, மண்டிப் பழக்கத்தில், எடை பார்த்தார்.

“ஏம் பாப்பா, இத முழுசாப் படிச்சா பாஸ் பண்ணிரலாமா?”

“ஆமாப்பா.”

இந்தத் தேர்வுக்கு அதை முழுசாகப் படிக்க வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியும். அதில் பத்துப் பக்கம்கூட நான் படித்திருக்கவில்லை என்பதும் தெரியும். அன்றைக்கு வாங்க வேண்டிய அடுத்த புத்தகத்துக்கும் பணம் வாங்கிக்கொண்டேன்.

பதிப்புப் பைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் பாதி நியாயம் இருந்ததால்தான் மீதிப் பாதி பிழைத்தது. உடற்கூறு எங்கேயும் ஓடிப்போகாது. பழைய சௌராசியாவில் தொடை எலும்பு எப்படி இருக்கிறதோ அப்படியேதான் புதியதிலும் இருக்கும். சமூக மருத்துவம் அப்படியில்லை. ஜபல்பூரிலிருந்து வெளியாகும் பார்க் புத்தகத்தைப் பழையதாக வாங்கினால் அடி விழும். காசநோய்க்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை என்று இருந்ததை அரசு 2017இல் தினசரி என்று மாற்றியது. திட்டத்தின் பெயரையே 2020இல் மாற்றினார்கள். போலியோ ஊசி 6ஆவது வாரம், 14ஆவது வாரம் என்று இருந்தது. 2023 ஜனவரியிலிருந்து 9ஆவது மாதத்தில் மூன்றாவது தவணையைச் சேர்த்தார்கள். பிஜி மாடியில் துணி காயப்போட வருகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்வேன்: “பார்க் மட்டும் புதுசு வாங்குங்க, மத்ததெல்லாம் பழசு போதும்.” நல்ல ஆலோசனைதான், இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் நான் எல்லாவற்றையும் புதிதாக வாங்கினேன், பார்க்கை மட்டும் திறக்கவே இல்லை. கழிப்பறைக் குழியும் குளோரின் அளவும் டாக்டர் படிக்கிற விஷயமா என்ற இளக்காரம். அதில்தான் 30 கேள்வி.

தேர்வு அறையில் தடுப்பூசி அட்டவணையைப் பற்றி ஒன்று வந்தது. இதற்கு மேல் சொல்லக் கூடாது, ஒப்புக்கொண்டிருக்கிறேன். பிஜி அறையில் பார்க்கின் பழைய பதிப்பு ஒன்றும் புதிய பதிப்பு ஒன்றும் என் கட்டிலுக்கு அடியில் இருந்தன. எந்தப் பதிப்பில் எது மாறியது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், கணினித் திரையில் நான்கு விடைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாறியது என்பது தெரியும், என்னவாக மாறியது என்பது அந்த நிமிஷத்தில் வரவில்லை. சொல்லிச் சொல்லியே பழகியதால், படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த முறையும் 150 வரவில்லை.

என் அறையில் கோலார் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளும் வெளிநாட்டில் படித்து வந்தவள். ஒரே ஒரு செட் நோட்ஸ், ஒரே ஒரு கேள்வி வங்கி. நோட்ஸின் ஸ்பைரல் கம்பி பிய்ந்து, அவள் அதை ஷூ லேஸால் கட்டி வைத்திருப்பாள். தப்பு விடும் கேள்வியை அந்தந்தப் பக்கத்து ஓரத்திலேயே சிவப்பில் எழுதுவாள், அடுத்த சுற்றில் சிவப்பை மட்டும் படிப்பாள். அவ்வளவுதான் அவளுடைய முறை. அவளைப் பற்றி நான் மற்றவர்களிடம் சொன்னது: “நோட்ஸ் படிச்சு டாக்டராகப் போறா. இவகிட்ட எந்த நோயாளி போறது?” முதல் முறையிலேயே தேறிவிட்டாள். இனிப்பு கொடுத்தாள். நான் சாப்பிடும்போதே, அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

என் பட்டியல் தப்பானது இல்லை, அதுதான் கொடுமை. கேட்டவர்களில் புத்திசாலிகள் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் படித்தார்கள். ஒருத்தி மட்டும் பட்டியலை முழுசாக நம்பினாள். வாணியம்பாடிப் பக்கம். என்னைவிட இளையவள், என்னை அக்கா என்று கூப்பிட்டு, நான் சொன்னதையெல்லாம் டயரியில் எழுதிக்கொண்டாள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு ஸ்டாண்டர்ட் புக், அது முடிந்த பிறகு நோட்ஸ், அதற்கப்புறம் கேள்விகள் என்று வரிசைபோட்டுக் கொடுத்தது நான். இந்த வரிசையில் போனால் தேர்வுக்கு முன்னால் கேள்விக்கு வந்து சேரவே முடியாது. அது எனக்குத் தெரியாது என்று சொல்ல ஆசைதான், ஆனால் தெரிந்திருந்தது. கோலார்ப் பெண் ஷூ லேஸ் நோட்ஸில் தேறியதைப் பார்த்த பிறகுதான் அந்த வரிசையைப் போட்டேன். என்னைப் போலவே இன்னொருத்தி இருந்தால் என் முறை முறைதான் என்று ஆகிவிடும் அல்லவா? இப்போது அவள் பெங்களூரிலேயே மெடிக்கல் கோடிங் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தேர்வை விட்டுவிட்டாள். அவள் விட்டதற்கு வீட்டில் வேறு காரணங்களும் இருந்தன. அவற்றைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்வதும் உண்டு.

நான் கடைசியில் தேறினேன். இப்போது தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். எதைப் படித்துத் தேறினேன் என்றால், கோலார்ப் பெண் அறையைக் காலி செய்தபோது விட்டுப்போன அதே நோட்ஸை. அவளுடைய சிவப்பு எழுத்தோடு. பக்கத்தில் ஒரு கேள்வி வங்கி. பார்க்கில் தடுப்பூசியும் தேசிய சுகாதாரத் திட்டங்களும் மட்டும். ஹாரிசனைத் தொடவில்லை. இப்போது வார்டில் ஒரு நோயாளிக்குச் சோடியம் ஏன் இறங்குகிறது என்று தெரியாமல் ராத்திரி வந்து அதைத் திறக்கிறேன். முதல் தடவையாக அது எனக்குப் புரிகிறது என்பதும் உண்மை.

தேறிய சந்தோஷத்தில் ஒரு கோச்சிங் நிலையத்தில் வீடியோ எடுத்தார்கள். மாலை போட்டு, கேமராவைப் பார்க்கச் சொல்லி, என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டார்கள். ஷூ லேஸ் கட்டிய நோட்ஸை எப்படிச் சொல்வது? ஹாரிசன், ராபின்ஸ், பெய்லி அண்ட் லவ், கைடன் என்று பழைய பட்டியலைத் தங்குதடையில்லாமல் ஒப்பித்தேன். “பேசிக்ஸ் முக்கியம், ஸ்டாண்டர்ட் புக்கை விடாதீங்க” என்று கடைசியில் ஒரு அறிவுரையும். வாணியம்பாடிப் பெண் அதைப் பார்த்துவிட்டு, “அக்கா, நான் ஹாரிசன சரியாப் படிக்கலபோல” என்று அனுப்பியிருந்தாள். அவளுக்கு அன்றைக்கு ஒரு பூங்கொத்துப் படத்தைப் பதிலாக அனுப்பினேன். இந்த மாதம்தான் போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “ஷிப்ட் ஆரம்பிச்சிடுச்சுக்கா” என்று வைத்துவிட்டாள்.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லிக் கோச்சிங் நிலையத்தையும் கேட்டேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் நிறையப் பேர் வந்து சேருகிறார்கள், இருக்கட்டுமே மேடம் என்றார்கள்.