பல்லைப் பார்த்து வாங்குங்க!

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் கண்ணபுரம். சித்திரையில் மாரியம்மன் தேர் வந்தால் கூடவே மாட்டுச் சந்தையும் வந்துவிடும். காங்கேயம் மாடுகளுக்குப் பேர் போன சந்தை. வருஷத்துக்கு ஒரு தடவைதான். தவறவிட்டால் அடுத்த சித்திரை!

பேன்ட் போட்ட ஆசாமியைக் கண்டாலே தரகர் முகத்தில் தனி சந்தோஷம். ஜாக்கிரதை! துண்டால் கையை மூடிக்கொண்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது. முதலில் சுழி பார்ப்பார்கள். அப்புறம் உதட்டைத் தூக்கிப் பல்லை எண்ணுவார்கள். இரண்டு பல் என்றால் வயசு இரண்டு, இரண்டரை. எட்டும் போட்டுவிட்டால் 'கடை சேர்ந்தது'. இந்த சர்டிபிகேட்டில் மட்டும் பிறந்த தேதியைத் திருத்த முடியாது! கன்று சிவப்பாக இருக்கிறதே என்று ஒதுக்காதீர்கள். காங்கேயம் கன்று சிவப்பாய்ப் பிறந்து, ஆறு மாச வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும்.

வாங்கியாச்சா? வீட்டு வாசலில் மஞ்சள் தண்ணி, குங்குமம், ஆரத்தி எல்லாம் உண்டு. ஆனால் அடுத்த நிமிஷமே பழைய மாடுகளோடு கட்டிவிடாதீர்கள். சந்தையில் நாலு ஊர் மாடு உரசியிருக்கும். கோமாரி ஓசியிலேயே கூட வந்துவிடும். நாலு மாட்டை நம்பியிருக்கும் குடும்பத்தில் பால் நின்றால், அடுத்தது வட்டிக்கடை வாசல்தான். அதனால் மூணு வாரம் தனிக் கொட்டகை, தனித் தண்ணித் தொட்டி. தடுப்பூசிக்கும் குடற்புழு மருந்துக்கும் கால்நடை டாக்டர். தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் போதும்.

"ஏங்கண்ணு, புது மருமகளைத் தனியா வெக்கலாமா?" என்று அத்தை கேட்பார்.

"மூணு வாரந்தானுங்க அத்தை. அப்புறம் முட்டிக்க நேரம் நிறைய இருக்குதுங்க!"