ஒற்றை நாற்காலி

ஸ்டீரியோ என்பது ஒரு ஆளுக்கான ஏற்பாடு. விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. வாங்குகிறவர்கள் வீட்டில் சொல்வதில்லை. இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்கிறவனின் தலையும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருக்கவேண்டும். அப்போதுதான் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, எதுவுமே இல்லாத இடத்தில், ஒருவர் உட்கார்ந்து பாடுகிறார். தலை இடப்பக்கம் ஒரு சாண் நகர்ந்தால் இடது பெட்டியின் ஒலி வலதை முந்திக்கொள்கிறது. முந்துவது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான். ஆனால் காது முதலில் வந்து சேர்ந்ததையே நம்பும் சுபாவம் கொண்டது. பாடகர் எழுந்து இடது பெட்டிக்குள் போய்விடுகிறார். ஆகவே மூன்றாவது முனையில் நாற்காலி போடலாம். பெஞ்சு போட முடியாது.

கோட்டூர்புரத்தில் நான் குடியிருக்கும் மாடி வீட்டின் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அப்படியொரு நாற்காலி கிடக்கிறது. வங்கி கிளார்க்கின் சம்பளத்தில் இதெல்லாம் நியாயமா என்று நண்பர்கள் கேட்டார்கள். அதே பணத்தில் ஒரு கவிதைத் தொகுதி போட்டு நஷ்டப்பட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

இந்த முக்கோணத்துக்கு மூலபுருஷர் ஆலன் ப்ளம்லைன் என்ற ஆங்கிலேய இன்ஜினியர். இ.எம்.ஐ.யில் வேலை பார்த்தவர். நம் வீடுகளில் நாய் படம் போட்டுச் சுழன்ற எச்.எம்.வி. தட்டுகளுக்கு அதுதான் தாய்க் கம்பெனி. ஒரே பள்ளத்தின் இரண்டு சுவர்களில் இரண்டு ஒலிகளைச் செதுக்கலாம் என்பது உட்பட எல்லாவற்றையும் 1931 டிசம்பரில் காப்புரிமை மனுவில் எழுதிவிட்டார். 1942ல், ராடார் பரிசோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து செத்துப்போனார்; வயது 38. ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்தது ஐம்பதுகளின் கடைசியில்தான். ஐரோப்பிய ஓவியத்தில் தூரமும் கிட்டமும் காட்டும் கணக்கு, பார்ப்பவன் ஒரே இடத்தில் நிற்கிறான் என்ற அனுமானத்தில் நடக்கிறது. ப்ளம்லைன் காதுக்கு அதே கணக்கைப் போட்டார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நம் கோயில் மண்டபத்து விதானச் சித்திரங்களை யாரும் ஓரிடத்தில் நின்று பார்க்க முடியாது. நடக்கவேண்டும்.

அறையைப் பற்றிச் சொல்லவேண்டும். இதில் செலவழிகிற பணத்தில் பாதி பெட்டிகளுக்கு; மீதி சுவர்களோடு நடத்தும் வழக்குக்கு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் ஒலி போய்வந்து சில ஸ்வரங்களை மட்டும் வீங்கவைக்கிறது. பன்னிரண்டு அடி நீளத்துக்கு அந்த வீக்கம் 47 ஹெர்ட்ஸிலும், அதன் இரட்டிப்பான 94லும் வருகிறது. ஒரு கட்டை ஸ்ருதியில் பாடுகிறவரின் மந்தர பஞ்சமம் 98. வித்வான் மெல்லக் கீழிறங்கி அங்கே நின்றால், அடக்கமாக அவர் விட்ட ஸ்வரம் என் அறையில் அண்டாவுக்குள்ளிருந்து வருகிறது. போதாததற்கு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். அதன் இரட்டிப்பு 100. வீட்டு எர்த் சரியில்லாத வரைக்கும் ஆம்ப்ளிஃபையர் எல்லா ஒரு கட்டைக்காரர்களுக்கும் சற்றே தூக்கலாகப் பஞ்சமம் பிடித்துக்கொண்டிருந்தது.

மூலைகளில்தான் கீழ்ஒலி தேங்கும். அங்கே கனமான, ஒலியை உள்ளே வாங்கிக்கொள்கிற ஏதாவது வேண்டும். வெளிநாட்டில் இதற்கென்று விற்கிற பஞ்சுத் தூண்களின் விலை என் விலை அல்ல. நண்பர்கள் நடத்தி நின்றுபோன பத்திரிகை ஒன்றின் விற்காத பிரதிகள் பரணில் கட்டுக்கட்டாக இருந்தன. இரண்டு மூலைகளிலும் தரையிலிருந்து ஆளுயரத்துக்கு அடுக்கினேன். பஞ்சமம் தணிந்தது. தமிழ்ச் சிறுபத்திரிகைக்குப் பௌதிக ரீதியாக நிரூபிக்கத்தக்க ஒரு விளைவு உண்டு என்பதற்கு என்னிடம் அளவுகள் இருக்கின்றன.

மின்விசிறி ஓடினால் நீண்ட கார்வைகள் நடுங்கும். ஏ.சி. ஓடினால் தம்புரா காணாமல் போகும். ஜன்னலைத் திறந்தால் பறக்கும் ரயில். ஆகவே எல்லாவற்றையும் நிறுத்தி, சாத்தி, சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் கேட்கவேண்டும். எல்.பி. தட்டின் ஒரு பக்கம் இருபது இருபத்திரண்டு நிமிஷம். மே மாதத்தில் உடம்பு தாங்குவதும் அவ்வளவே.

ஸ்பீக்கர்கள் பழையவை. எழுபதுகளின் நடுவில் பிபிசி இன்ஜினியர்கள் ஒலிபரப்பு வேன்களுக்குள் வைத்துக் கேட்பதற்காக வரைந்த எல்எஸ் 3/5ஏ என்ற ஒரு அடி உயரப் பெட்டி. ஊரைவிட்டுக் கிளம்பிய ஒருவரிடமிருந்து நான்கு மாதச் சம்பளத்துக்கு வாங்கினேன். இதில் பெரிய முழக்கம் கிடையாது. தவிலை அதிகம் ஏற்றினால் கெஞ்சும். ஆனால் வேனுக்குள் முக்கியமாகக் கேட்கவேண்டியிருந்தது மனிதக் குரல். அதில் இந்தப் பெட்டி பொய் சொல்வதில்லை. பாடகர் சாகித்யத்தின் எந்த அட்சரத்தை விழுங்குகிறார், எங்கே மூச்சைத் திருடுகிறார் என்பதெல்லாம் தெரிகிறது. சில பெரிய பெயர்களைப் பற்றிய என் அபிப்பிராயங்கள் இதனால் அடைந்த கதியைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.

பெட்டி விசுவாசமாக இருக்கிறது, சரி. எதற்கு விசுவாசம்? மேற்கே இந்தப் பித்துப் பிடித்தவர்களுக்கு ஒரு அளவுகோல் உண்டு: மைக் இல்லாமல் ஒரு நிஜ மண்டபத்தில் வாசிக்கப்பட்ட நிஜ வாத்தியத்தின் ஒலி. அதற்கு எவ்வளவு அருகில் வருகிறதோ அவ்வளவு உயர்ந்த கருவி. நமக்கு அந்த மூலம் எங்கே இருக்கிறது? முப்பதுகளில் கச்சேரி மேடைக்கு மைக் வந்தது, பிறகு இறங்கவேயில்லை. சபாவில் முதல் வரிசையில் உட்கார்ந்தாலும் நாம் கேட்பது பாடகரை அல்ல, பக்கவாட்டில் தொங்கும் கறுப்புப் பெட்டியை. வீட்டில் ஒரு ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு இன்னொரு ஸ்பீக்கருக்கு விசுவாசமாக இருக்கப் பாடுபடுகிறோம். நாகஸ்வரத்தின் நிலை இதற்கு நேர் எதிர். அதற்கு மைக் தேவைப்பட்டதில்லை. அதற்கு அறையும் கிடையாது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை உண்மையான அளவில் இந்த அறைக்குள் கொண்டுவந்தால் வீட்டுக்காரர் அன்றே காலி செய்யச் சொல்வார்.

இந்த ஊரில் கேட்பதற்கென்று ஒரு அறை இருந்ததுண்டு. வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுனில், ராமகிருஷ்ண செட்டித் தெருவில் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். மைக் இல்லை. வந்தவர்கள் சிலர், அவர்களில் வித்வான்களும் உண்டு. வீணை எழுப்புகிற சத்தம் அந்த அறைக்குப் போதும், அதற்குமேல் போகாது; ஆகவே யாரும் அசையாமல் உட்காரவேண்டியிருந்தது. அவர் 1938ல் காலமானார். இசைத்தட்டுகளில் இருப்பது சொற்பம். பக்கத்துக்கு மூன்று நிமிஷம், கரகரப்புக்கு அடியில். அவற்றை என் பெட்டிகளில் போட்டால் கரகரப்பு அற்புதமாக விரிந்து அறையை நிறைக்கிறது. வீணை அதே இடத்தில் அதே தூரத்தில்தான் இருக்கிறது. அந்த வீட்டிலும் எல்லோருக்கும் ஒரே நல்ல இடம் என்று ஒன்று இருந்திருக்க முடியாது. ஒருவர் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், ஒருவர் வாசற்படியில். அவர்கள் கேட்டதும் தனம்மாளைத்தான்.

என் நாற்காலிக்கு வந்த தொந்தரவு கீழ்வீட்டிலிருந்து. அரசாங்க ஆபீசில் ஓய்வு பெற்றவர்; எழுபத்தெட்டு வயது. நான் ‘சார்’ என்று கூப்பிடுவேன். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரோடு அடையாறு கோட்டூர்புரத்துக்குள் வந்தபோது அவருடைய அறுபது எழுபது எல்.பி. தட்டுகள் மூன்று நாள் தண்ணீருக்கடியில் கிடந்தன. வினைல் தண்ணீருக்கு அசையாது. அட்டைகள் கூழாகிவிட்டன. பல தட்டுகளில் நடுவிலிருந்த லேபிளையும் சேறு தின்றுவிட்டது. சார் அவற்றைக் கழுவி, காயவைத்து, பழைய வேட்டியில் சுற்றி வருஷக்கணக்காக வைத்திருந்தார். மேலே நான் தட்டு போடுகிற சத்தம் கேட்டு ஒருநாள் மூட்டையோடு மாடியேறி வந்தார்.

அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“எதுக்குத் தம்பி ரெண்டு பொட்டி? ஒண்ணு போதுமே.”

விளக்கினேன். முக்கோணம், நடுவில் தோன்றும் குரல், எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு இடது காதைத் தொட்டுக் காட்டினார். “எனக்கு இந்தப் பக்கம் கிடையாது. சின்ன வயசுல சீழ் வச்சுப் போயிடுச்சு.”

அவரை முக்கோணத்தின் எந்த முனையில் உட்காரவைப்பது?

தட்டுகளில் பெரும்பாலும் மோனோ. நம் சங்கீதத்தின் கிடங்கே மோனோதான். ஜி.என்.பி. 1965ல் போனார், அரியக்குடி 1967ல், மதுரை மணி ஐயர் 1968ல். வானொலி டேப்புகளிலும் அன்பர்கள் ஸ்பூலில் பிடித்துவைத்ததிலுமாக அவர்கள் ஒற்றை ஒலியில் இருக்கிறார்கள். மோனோ தட்டில் ஊசி பக்கவாட்டில் மட்டுமே ஆடும். மேலும் கீழும் ஆடுவதெல்லாம் தூசியும் தேய்மானமும். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தானை அழுத்தினால் அந்த மேல்கீழ் ஆட்டம் தன்னைத்தானே அடித்துக்கொண்டு மறைகிறது. இரைச்சலில் கணிசமான பங்கு விழுந்துவிடும். ஆனால் மோனோவையும் இரண்டு பெட்டிகளில் விட்டால் பழைய சிக்கல்தான். நடுவில் தோன்றும் குரல் நாற்காலிக்கு மட்டும் தோன்றும். ஒரு பெட்டியின் ஒயரைக் கழற்றினேன். குரல் மிச்சமிருந்த பெட்டியில் போய் உட்கார்ந்தது, ஒரு ஆள் ஒரு இடத்தில் உட்கார்வதைப்போல. சாருக்கு அது அங்கே இருந்தது, எனக்கும் அங்கேயே. “வராளியா அது?” என்று சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள். முக்கோண நாட்களில் அங்கிருந்து கேள்வி வந்ததில்லை.

அறையை நான் கலைக்கவில்லை. ஸ்டீரியோவில் பதிவானவற்றை முக்கோணத்தில் உட்கார்ந்துதான் கேட்கிறேன், கதவைச் சாத்திக்கொண்டு. தனியாகப் படிப்பதைப்போலத் தனியாகக் கேட்பதற்கும் ஒரு நியாயம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு பெட்டி.

லேபிள் போன தட்டுகளை நாங்கள் பேர் தெரியாமலே கேட்டோம். பி.ஏ.யில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸைப் பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன். கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கவிஞர்களின் பெயரை நீக்கிவிட்டுக் கவிதைகளைக் கொடுத்து எழுதச் சொன்னார். அவர்கள் எழுதியதை ஆராய்ந்து 1929ல் புத்தகம் போட்டார். அடையாறு எங்களுக்கு அதே பரீட்சையை வைத்தது. ரிச்சர்ட்ஸின் மாணவர்கள் நல்ல கவிதையை மட்டம் என்றார்கள், மட்டத்தை நல்லதென்றார்கள், எழுதவாவது செய்தார்கள். நம் வட்டத்தில் கவிதைக்கு அடியில் பெயர் இல்லாவிட்டால் யாரும் வாயே திறக்கமாட்டோம். அந்தத் தட்டுகளின் முன்னால் நானும் முதலில் பேசவில்லை. சார் பேசினார். குரலைச் சில சமயம் தவறவிட்டார். மிருதங்கத்தைத் தவறவிடவேயில்லை என்பது அவர் கட்சி.

ஒரு தட்டு. நடுவில் ஆழமான கீறல். 33⅓ சுற்றில் 1.8 நொடிக்கு ஒருமுறை டக்கென்று அடித்து, ஆதி தாளத்தோடு ஒருபோதும் சேராத தாளம் ஒன்றைப் போட்டுக்கொண்டேயிருக்கும். அதற்கு நடுவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியது. ஐந்தாறு சொல் விழுந்ததுமே சார் சொன்னார்: “பழனி.”

பழனி சுப்பிரமணிய பிள்ளை இடதுகைக்காரர். வலதுகைக்காரர் பாடகருக்கு வலப்புறம், அதாவது சபையைப் பார்க்கிறவனுக்கு இடப்புறம், உட்கார்ந்தால்தான் வலந்தலை சபையை நோக்கி இருக்கும். பழனி எதிர்ப்பக்கம் உட்காருவார். வயலின்காரர் இடம் மாறவேண்டும். எல்லா வயலின்காரர்களும் விரும்புகிற காரியமல்ல அது. 1962ல் அவர் இறந்தபோது சாருக்குப் பதினைந்து வயது.

“மத்தவங்க வாசிக்கிறதெல்லாம் எனக்குச் செத்த பக்கம் போயிடும். அப்பா எவ்வளவு முன்னாடி உட்கார வச்சாலும் அப்படித்தான். இவர் ஒருத்தர்தான் என் காதுப் பக்கம் உட்காருவார்.”

அவர் ஏன் அறுபது வருஷமாகப் பழனியைத் தவிர யாரையும் ஒப்புக்கொள்வதில்லை என்பதற்கு அழகியல் ரீதியாக நான் யோசித்துவைத்திருந்த காரணங்கள் இரண்டு மூன்று உண்டு. சொல்லவில்லை.

மோனோவில் இடமும் இல்லை வலமும் இல்லை. மிருதங்கம் குரலுக்குப் பின்னால், அதே பெட்டிக்குள் இருந்தது. எந்தக் கை வலந்தலையில் விழுகிறது என்று சொல்ல அதில் எதுவுமில்லை. தட்டின் உள்வட்டத்தில், ஊசி நின்றுபோகும் இடத்தில், கம்பெனி பொறித்த எண் இருக்கிறது. டார்ச் அடித்துப் படித்து, பழைய பட்டியல்களோடு ஒப்பிட்டால் யாரென்று தெரிந்துவிடும். இதுவரை பார்க்கவில்லை. எனக்கு அது பாலக்காட்டு மணி ஐயர் என்றுதான் படுகிறது.

சார் தட்டைத் திருப்பிப் போடச் சொன்னார். மறுபக்கத்தில் தனி இல்லை, துக்கடாக்கள். இரண்டாவது துக்கடா முடிவதற்குள் மாத்திரை சாப்பிடக் கீழே போய்விட்டார்.