சூசன்னாவைக் கேட்பார் யார்?

உதவிப் பங்குத்தந்தையாக நான் பணியாற்றிய நாள்களில், ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் தம் மகளுடன் வந்து தயங்கி நின்றார். சிறுமி நன்றாக ஓடுவாள். மாவட்டப் போட்டியில் பதக்கம் பெற்றவள். "சாமி, பயிற்சி கொடுக்கும் சார் தொடுகிற விதம் சரியில்லை என்கிறாள்" என்றார் தாய். நான் அதிகம் சிந்திக்கவில்லை. "ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள் அம்மா, படிப்பைப் பார்க்கட்டும்" என்றேன். தாய் நிம்மதியோடு திரும்பினார். மகள் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் ஓட்டம் அன்றோடு நின்றது. அம்மனிதரின் பணி நிற்கவில்லை. குற்றம் செய்யாதவளுக்கு நான் தண்டனை அளித்துவிட்டேன் என்பது விளங்க எனக்கு வெகுகாலம் பிடித்தது.

2018 ஜனவரியில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநில நீதிமன்றம் ஒன்றில் 150க்கும் மேற்பட்ட பெண்களின் வாக்குமூலங்கள் ஒலித்த செய்தியைப் படித்தபோது, அச்சிறுமியின் பார்வை மீண்டும் என் முன் வந்து நின்றது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராயிருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் பல்லாண்டுகள் வீராங்கனைகளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியிருந்தார். பெற்றோர் அதே அறையில் இருக்கையிலேயே, அவர்கள் பார்வையை மறைத்து நின்று செய்ததும் உண்டு. முறையிட்ட பெண்கள் சிலரிடம், 'மருத்துவத்தை நீ தவறாகப் புரிந்துகொண்டாய்' என்றே பெரியவர்கள் கூறினர்.

தானியேல் நூலில் சபையார் சூசன்னாவை நம்பவில்லை. பழி சுமத்தியவர்கள் முதியோர், மக்களின் நடுவர்கள் என்பதே அவர்களுக்குப் போதுமானதாயிற்று. இளைஞர் தானியேலோ தீர்ப்பை நிறுத்தி, அவ்விருவரையும் தனித்தனியே விசாரித்தார். பதவியைக் கண்டு விசாரணையைக் கைவிடாத அந்தத் துணிவுதான் நமக்குத் தேவை.

விளையாட்டில் பயிற்சியாளரின் அதிகாரம் பெரிது. உடலைத் தொட்டுத் திருத்துவதும் அவரே. அணியில் சேர்ப்பதும் நீக்குவதும் அவரே. ஆதலின் 'நல்லவர்' என்ற நம்பிக்கை மட்டும் காவலாகாது. பூட்டிய அறையில் தனிப்பயிற்சி கூடாது. சிகிச்சையின்போது செய்யப்போவது இன்னதென்று முன்னரே விளக்க வேண்டும்; வேண்டாம் என்று சொல்லச் சிறுமிக்கு உரிமை இருக்க வேண்டும். வெளியூர்ப் போட்டிகளுக்குப் பெண் பொறுப்பாளர் உடன்செல்ல வேண்டும். நம் நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் விளையாட்டரங்குகளையும் பயிற்சி நிலையங்களையும் பணியிடமாகவே கருதி, பெண் தலைமையில் வெளியார் ஒருவரும் அடங்கிய புகார்க்குழுவைக் கோருகிறது. பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயது நிறையாதவராயின், அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்கு அறிவித்தாக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டுச் சட்டம். என்னிடம் அத்தாய் வந்த நாளில் அச்சட்டம் இல்லை. ஆனால் மனச்சான்று இருந்தது.

நம் திருச்சபையும் இத்தகைய மௌனத்தால் எத்தனையோ குழந்தைகளைக் காயப்படுத்தியது என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன்.

இன்றும் என் பங்கில் ஓடும் சிறுமியர் உண்டு. இனி ஒரு தாய் தம் மகளோடு வந்து நின்றால், முதலில் அப்பிள்ளையை அமரச் செய்து, அவள் சொல்வதை முழுவதும் கேட்பேன். மைதானத்தைவிட்டு வெளியேற வேண்டியவர் யார் என்பதை அதன்பின் உரியவர்களிடம் சொல்வேன்.