சேதி எத்தனாவது வரியில?

செய்தித்தாள் படிக்கிற எல்லாரும் இதைக் கவனிச்சிருப்பீங்க மக்களே. யார், என்ன, எங்கே, எப்போன்னு முதல் பத்தியிலேயே வந்துடும். அதுக்குக் கீழ விவரம். அதுக்கும் கீழ பழைய கதை. தலைகீழ் பிரமிடுன்னு இதுக்குப் பேரு. பக்கத்துல இடம் பத்தலைன்னா கடைசிப் பத்தியிலேருந்து வெட்டிக்கிட்டே வரலாம், சேதிக்கு ஒண்ணும் ஆகாது.

ஆனா நிருபர்கள் ஆதியிலேருந்தே இப்படி எழுதலை. 1865 ஏப்ரல் 14 ராத்திரி வாஷிங்டன்ல லிங்கனைச் சுட்டாங்க. அசோசியேட்டட் பிரஸ் நிருபர் லாரன்ஸ் கோப்ரைட் முதல்ல சுருக்கமா ஒரு தந்தி அடிச்சார்: ஜனாதிபதியை தியேட்டர்ல சுட்டுட்டாங்க, உயிருக்கே ஆபத்தா இருக்கலாம். சரியா? அதே மனுஷன் அப்புறம் அனுப்பின நீளமான செய்தியைப் பாருங்க. ஜனாதிபதியும் மனைவியும் நாடகம் பார்க்கப் போனாங்க, ஜெனரல் கிராண்ட்டும் வர்றதா இருந்துச்சு, ஆனா அவர் ரயிலேறிட்டார், அரங்கத்துல செம கூட்டம்... இவ்வளவும் முடிஞ்சுதான் துப்பாக்கிச் சத்தம்!

அன்னிக்கு ராத்திரி போர் அமைச்சர் ஸ்டாண்டனும் ஒரு தந்தி கொடுத்தார். நேரம், இடம், யாரைச் சுட்டாங்க, எல்லாம் முதல் வாக்கியத்துலயே. இத்தனைக்கும் அவர் நிருபரே இல்லை. நியூயார்க்ல இருந்த ஒரு ராணுவ ஜெனரலுக்கு எழுதினார், அவ்ளோதான்.

நம்ம பொட்டி தட்டுற பொழைப்புலயும் இதே கதைதான். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துடுச்சுன்னா, "நேற்று மாலை பேட்ச் போட்டோம்"னு ஆரம்பிக்கிற மெயிலை வச்சுக்கிட்டு என்ன பண்றது? பணம் கட்டுற பக்கம் வேலை செய்யலைன்னு முதல் வரியில இருக்கணும். மிச்சத்தைக் காலைல காபியோட படிச்சுக்கலாம்.

இதையெல்லாம் எல்லாருக்கும் பாடம் எடுத்துக்கிட்டிருந்தப்பதான், போன வருஷம் ஒருநாள் அம்மா போன் பண்ணாங்க. "சாப்டியாப்பா? ரூம்ல யாராச்சும் கூட இருக்காங்களா? தாத்தா ரெண்டு நாளா கஞ்சிகூட வேண்டாம்னுட்டார்டா..." அம்மா கடைசி வரிக்கு வர்றதுக்குள்ள எனக்குப் புரிஞ்சுபோச்சு. அதுக்குள்ள கட்டில்ல உட்கார்ந்துட்டேன். அதை முதல் வரியிலேயே சொல்லியிருந்தா, நின்ன இடத்துலயே விழுந்திருப்பேன்.

கேக்குறவன் எழுந்து ஓடணும்னா சேதி முதல் வரியில வரணும். அவன் உட்கார்ந்துதான் கேக்கணும்னா, கொஞ்சம் சுத்தி வந்து சொன்னாத் தப்பில்லை.

உங்க வீட்ல எப்படிச் சொல்வாங்க?