நான்காவது கட்டம்

வெள்ளி

ஆட்டுச் சந்தை நாள். விடிவதற்கு முன்பே வண்டிகள் ஒடுகத்தூருக்கு வர ஆரம்பித்துவிடும். புருவ மத்தியில் கவனம் நின்றுவிட்டால் அந்தச் சத்தம் கேட்டபடியே இருக்கும், தொந்தரவு செய்யாது. தீட்சையின்போது ஆசிரியை நெற்றியில் விரல் வைத்ததும் எழுந்த குறுகுறுப்பு, இப்போதும் கண்ணை மூடிய சற்று நேரத்தில் வந்துவிடுகிறது. விரல்களைக் கோத்து மடியில் வைத்தேன். கம்பெனியில் பேஸ்டிங் டேபிளில் ஒட்டிய சொல்யூஷன் நகக்கண்ணில் காய்ந்து தோலை இழுத்தது.

ஞாயிறு

மனவளக்கலை மன்றத்தில் அகத்தாய்வு வகுப்பு. தவத்துக்கு வருகிற பலர் இதற்கு வருவதில்லை. தவத்தில் சுகம் உடனே கிடைக்கிறது. நோட்டில் நம்மைப் பற்றி நாமே எழுதுவது அப்படி இல்லை. ஆனால் மனவளக்கலையின் உயிர் அந்த நோட்டில்தான் இருக்கிறது என்பேன். அதைத் தந்த வேதாத்திரி மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்கார்ந்தவர், வியாபாரம் பார்த்தவர், குடும்பஸ்தர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று எழுதிப் பார்க்கிற வேலையாகக் கொடுத்தாரே, உழைத்துப் பிழைக்கிறவர்களின் பொழுது எப்படிப் போகும் என்று தெரிந்தவருக்குத்தான் அது தோன்றும்.

கடைசிப் பாடம் ‘நான் யார்?’. ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம், திருவண்ணாமலையில், 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை ரமணரிடம் கேட்டதும் இதைத்தான். மௌனத்தில் இருந்த ரமணர் பதில்களை எழுதிக் காட்டினார். அவர் எடுத்த எடுப்பில் போய் நின்ற இடத்துக்கு நாங்கள் கோபம், கவலை என்று படிப்படியாக ஏறுகிறோம். எனக்கு இந்தப் படிகள் வேண்டும்.

செவ்வாய்

சினப் பட்டியல். யார் மேல், எதற்கு. நாத்தனார் பெயரை எழுதிக் காரணத்தையும் எழுதினேன். மகள் காதுகுத்தில் சொன்ன ஒரே ஒரு வார்த்தை! மனசார ‘வாழ்க வளமுடன்’ என்று வாழ்த்திவிட்டேன்.

அடுத்து லைன் சூப்பர்வைசர். பாத்ரூம் போக எழுந்தால், “டார்கெட்டை யாரும்மா முடிப்பாங்க?” என்று எல்லோர் காதிலும் விழக் கேட்கிறவர். அவரையும் வாழ்த்தினேன். நெஞ்சுக் கொதிப்பு அடங்கியது. ஆனால் பக்கத்து டேபிள் பெண் எழுந்து போகப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்போடு வேலை செய்கிறாள். என் கோபம் தணிந்ததால் அவளுக்கு என்ன ஆயிற்று?

வியாழன்

கவலைகளை நான்காகப் பிரிக்கச் சொல்கிறது பாடம்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, பொருட்படுத்தாமல் விட வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. பெண்களைப் பொறுத்துப் போகச் சொல்கிற வழி இது என்பவர்கள் அந்த நான்காவது கட்டத்தைப் படித்ததில்லை. பாத்ரூம் விஷயத்தை நேற்று ராத்திரி அங்கே எழுதினேன்.

காலையில் கம்பெனி வேன் மாதனூர் தாண்டுவதற்குள் எல்லோரிடமும் பேசிவிட்டேன். மத்தியானம் மேனேஜர் முன்னால் போய் நின்றோம். போன மாதமாக இருந்தால் அழுதிருப்பேன். இன்று குரல் நடுங்கவில்லை, அந்த சூப்பர்வைசரைத் திட்டவும் தோன்றவில்லை. “பாத்ரூம் போறப்ப யாரும் கேள்வி கேக்கக் கூடாது சார், அவ்ளோதான்” என்றேன். “பார்க்கலாம்மா” என்றார். திங்கட்கிழமை மறுபடி வருகிறோம் என்று சொல்லிவிட்டு டேபிளுக்குத் திரும்பினோம்.